பென்சில் மாணவருடையது

2019 செப்டம்பர் 9, திங்கட்கிழமை, ஒஹையோ மாநிலத்துக் கார்வெல் கவுண்டி சமூகக் கல்லூரியின் நூலகக் கட்டடத்தில், 'பாட உதவி அறை' என்ற பலகை கழற்றப்பட்டு 'மாணவர் வெற்றிச் சங்கமம்' என்ற பலகை மாட்டப்பட்டது.

நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனித அறிவு எடுத்துவைத்த அடுத்த பெரிய அடி இதுதான் என்பதில் கல்லூரியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருந்த இரண்டொருவருக்குப் பயிலரங்கு நடத்தப்பட்டது.

அறை என்னவோ பழைய அறைதான். ஆனால் சதுர மேசைகள் போய் முட்டை வடிவ மேசைகள் வந்தன. நாற்காலிகளுக்குச் சக்கரம் முளைத்தது. கரும்பலகை பள்ளிக்கூடத்தை நினைவூட்டி மாணவர்களை மிரட்டுகிறது என்று ஆய்வு ஒன்று கண்டுபிடித்திருந்ததால் அது கழற்றப்பட்டு, அந்த இடத்தில் நீர்வீழ்ச்சிப் படம் ஒன்று தொங்கியது. பாடம் தெரியாதவர்கள் இனி நீர்வீழ்ச்சியைப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் மூளை, 'வெற்றி இயக்குநர்' முனைவர் மெரிடித் கால்ஹூன். கழுத்தில் அட்டை, கையில் பெரிய குவளை, முகத்தில் அணையாத புன்னகை. உதவி செய்வது எப்படி என்பதில் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். அந்த ஆய்வின் சாரம் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது: 'பென்சில் மாணவருடையது.' பயிற்சியாளர் எக்காரணம் கொண்டும் மாணவரின் பென்சிலைத் தொடக் கூடாது. விடை சொல்லக் கூடாது. வழி சொல்லக் கூடாது. கேள்விக்குக் கேள்வியால்தான் பதில் தரலாம். மாணவர் தானாகத் தடுமாறி, தானாக எழுந்து, தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் துணையாக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அந்த மாதமே டானெட் ஸ்டோவர் அங்கே வந்தாள்.

டானெட்டுக்கு நாற்பத்து மூன்று வயது. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்து முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. தன்னைவிடக் கனத்தவர்களைத் தூக்கி, புரட்டி, துடைத்து, மறுபடி படுக்க வைப்பாள். பதினாறு ஆண்டுகளில் அவள் முதுகுக்கு எழுபது வயதாகிவிட்டது. நர்ஸ் ஆகிவிட்டால் தூக்குகிற வேலையை வேறு யாராவது பார்ப்பார்கள். கல்லூரியின் நர்சிங் வகுப்பில் அவளுக்கு ஓர் இடமும் கிடைத்திருந்தது, ஒரே நிபந்தனையோடு: கணக்கில் தேற வேண்டும், தேறிய கையோடு டிசம்பர் இரண்டாம் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சேர்க்கை வருடத்துக்கு ஒரு முறைதான்.

முன்மேசையில் மிட்டாய்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஜோலீன் இருந்தாள்.

"வா கண்ணு! முதல்ல கார்டைத் தேய்ச்சிடு. கார்டு தேய்க்கலன்னா நீ வந்ததாவே ஆகாது."

"நேர்லதான் நிக்கிறேனே."

"எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியணும்ல?"

டானெட் கார்டைத் தேய்த்தாள். வந்தாள் என்று ஆயிற்று.

"எதுக்கு வந்திருக்கே?"

"கணக்கு தெரியாது. அதான்."

ஜோலீன் முகம் சுருங்கியது. "அப்படிச் சொல்லக் கூடாதும்மா. 'இன்னும் தெரியாது'. இங்க எல்லாத்துக்கும் 'இன்னும்' சேர்த்துக்கணும். முனைவரோட உத்தரவு."

"சரி. இன்னும் தெரியாது. யாராவது சொல்லிக் குடுங்க, இன்னும் ரெண்டு மணி நேரத்துல டியூட்டிக்குப் போகணும்."

அவசரப்பட்டால் ஆகுமா? முதலில் அவள் எந்த வகைக் கற்பவர் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இருபது நிமிடம் திரையில் கேள்விகள். பறவையாக இருந்தால் எந்தப் பறவையாக இருப்பீர்கள் என்றுகூட ஒன்று. முடிவில் அவள் 'தொட்டு உணர்ந்து கற்பவர்' என்று தெரியவந்தது. கணக்கைத் தொட முடியாது என்பதால் அவள் கையில் அமுக்கிப் பிடிக்க ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள்.

பயிற்சியாளர் கர்ட் ஸிமர்லி. பொறியியல் படிக்கப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருந்தவன். கணக்கு அவனுக்குக் கைவந்த கலை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன் என்பதால், விதி மீறாமல் இருக்க இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

டானெட் புத்தகத்தை விரித்தாள். "இதான் தம்பி. அஞ்சு மில்லி மருந்துல இருநூத்தம்பது மில்லிகிராம் இருக்கு. நோயாளிக்கு நானூறு குடுக்கணும். எத்தனை மில்லி? எதை மேல போடணும், எதைக் கீழ போடணும்னே புரியல."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"புரியலன்னு நினைக்கிறேன்."

"எந்த இடத்துல புரியல?"

"அது தெரிஞ்சா எதுக்கு வர்றேன்?"

"நல்ல கேள்வி," என்றான் கர்ட், பயிலரங்கில் சொல்லிக்கொடுத்தபடி. "அதுக்கு உங்க பதில் என்ன?"

டானெட் ரப்பர் பந்தை அமுக்கினாள். "ஏம்ப்பா, டாக்டர்கிட்ட நெஞ்சு வலிக்குதுன்னு போறேன். அவர் 'உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்க'ன்னு கேட்டா எப்படி இருக்கும்?"

கர்ட் நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என் கை துடிக்குதுங்க. ஆனா அவங்க பார்த்துட்டே இருக்காங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார் முனைவர் கால்ஹூன். குவளையோடு வந்து டானெட்டின் தோளைத் தட்டினார். "தவிக்கிறீங்க இல்ல? அருமை! அந்தத் தவிப்புதான் படிப்பு. நாளைக்கும் வாங்க."

டானெட் நாளைக்கும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். புரியாதவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்; புரிந்தவர்கள் வர மாட்டார்கள். அறையின் வெற்றி வருகையைக் கொண்டு அளக்கப்பட்டதால், புரியாதவர்களே அதன் தூண்கள் என்பது விளங்கும். ஒரே நாளில் எல்லாம் விளங்கி நன்றி சொல்லிவிட்டுப் போன சில சுயநலக்காரர்களால் அறைக்கு ஒரே ஒரு வருகைதான் மிஞ்சியது. டானெட் அப்படிப்பட்டவள் இல்லை. அக்டோபரில் அவள் படம் போட்டு நுழைவாயிலில் போஸ்டர் ஒட்டினார்கள். கையில் ரப்பர் பந்தோடு அவள் சிரிக்க, கீழே 'வெற்றி இப்படித்தான் இருக்கும்' என்று எழுதியிருந்தது. அந்த வாரத் தேர்வில் அவளுக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று.

கல்லூரித் தலைவர்கூட ஒரு நாள் வந்து அவளோடு கை குலுக்கினார். "இங்க வர்றதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது என்னம்மா?"

"பார்க்கிங்," என்றாள் டானெட்.

நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு முந்தின வாரம், மன அழுத்தம் போக்க நாய் வரவழைக்கப்பட்டது. பொன்னிறச் சடை நாய், பெயர் வாஃபிள்ஸ். பயிற்சி பெற்றது, சான்றிதழ் உள்ளது. அன்று பயிற்சியாளர்களுக்குப் பாட வேலை கிடையாது. மாணவர்கள் வரிசையில் நின்று நாயைத் தடவிவிட்டுப் போக வேண்டும். அதுவும் வருகைதான்.

டானெட் வரிசையில் நிற்கவில்லை. மூலை மேசையில் உட்கார்ந்து புத்தகத்தை மூடினாள். கர்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், வழக்கம்போலக் கைகளின் மேல்.

"நான் விட்டுடப் போறேன் தம்பி."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"கேள்வி கேக்காதே! உன்னைக் கும்பிடறேன், இன்னைக்கு ஒரு நாளைக்குக் கேள்வி கேக்காதே. நேத்து ஒரு பெரியவரைத் தூக்கறப்ப இடுப்புல சுளுக்கு. அப்படியே அவர் மேலயே சாஞ்சுட்டேன். அந்த மனுஷன் என்னைத் தட்டிக்குடுத்து 'மெதுவா எந்திரி'ங்கறார். இன்னொரு வருஷம் இந்த வேலை என்னால முடியாது. இந்தக் கணக்கு வரலன்னா நர்ஸும் கிடையாது."

கர்ட் முனைவரைப் பார்த்தான். அவர் தரையில் உட்கார்ந்து வாஃபிள்ஸின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். படம் பிடிக்க வந்த எல்லாக் கேமராக்களும் அந்தப் பக்கம்.

அவன் கையை உருவினான். பென்சிலை எடுத்தான்.

ஒரு மருந்துக் குப்பி வரைந்தான். ஐந்து கோடு கிழித்தான். "இதுல மொத்தம் இருநூத்தம்பது. அஞ்சு பங்கா வெட்டினா ஒரு மில்லிக்கு அம்பது. பார்த்தீங்களா? இப்ப நானூறு வேணும். அம்பது அம்பதா ஊத்திக்கிட்டே போங்க. எத்தனை தடவை ஊத்துவீங்க?"

டானெட் விரல் விட்டு எண்ணினாள். "எட்டு. எட்டு மில்லி."

"அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" அவள் குப்பிப் படத்தையே பார்த்தாள். "செப்டம்பர்லேர்ந்து... இவ்வளவுதானாடா?" சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த கணக்கைத் தானே போட்டாள். அதற்கடுத்ததையும். பென்சிலை அவனிடமிருந்து பிடுங்கித்தான் போட்டாள். அந்த வகையில் விதி காப்பாற்றப்பட்டது.

ஆனால் ஜோலீன் பார்த்துவிட்டாள். நல்லவள்தான், ஆனால் பார்த்ததைச் சொல்லும்படி அவளுக்கும் பயிலரங்கு நடந்திருந்தது.

மறுநாள் கர்ட் முனைவரின் அறையில் நின்றான்.

"கர்ட், நீ என்ன பண்ணினேன்னு உனக்குப் புரியுதா?"

"சொல்லிக் குடுத்தேன் மேடம்."

முனைவர் கண்ணை மூடித் திறந்தார். "அந்தம்மாகிட்ட இருந்து ஒரு போராட்டத்தைத் திருடிட்டே. மூணு மாசமா அவங்க கட்டி வளர்த்த போராட்டம்."

"அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு மேடம்."

"அதான் சொல்றேன்! புரியறது இடையில நின்னுபோச்சு."

கர்ட்டுக்கு இரண்டு வார மறுபயிற்சி விதிக்கப்பட்டது. தலைப்பு: 'கேட்பது எப்படி.' அவன் அங்கே போகவில்லை. ஊரிலிருந்த டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே கழன்ற சக்கரத்தைத் தொட்டு மாட்ட அனுமதி இருந்தது.

டானெட் அதன்பின் சங்கமத்துக்கு வரவில்லை. வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குப்பி வரைந்து போட்டாள். டிசம்பர் முதல் வாரம் இறுதித் தேர்வு. எண்பத்தேழு வாங்கினாள். முதியோர் இல்லத்தில் கேக் வெட்டினார்கள்.

இங்கேதான் கல்லூரியின் கருணை தன் முழு உயரத்துக்கும் எழுந்து நின்றது. யாரையும் கைவிடக் கூடாது என்பதற்காக 'அரவணைப்பு' என்றொரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அடிக்கடி வந்துகொண்டிருந்த மாணவர் திடீரென்று வராமல் போனால் அவர் தடுமாறுகிறார் என்று அது கண்டுகொள்ளும். அவர் வழி தவறி எதிலும் சேர்ந்துவிடாதபடி பதிவைப் பூட்டிவைக்கும். நேரில் வந்து கார்டு தேய்த்து, ஆதரவாக நாலு வார்த்தை கேட்டுக்கொண்டால் பூட்டு திறக்கும். கல்லூரியிலேயே அதிகம் வந்தவர் டானெட். எனவே கல்லூரியிலேயே அதிகம் தடுமாறுகிறவரும் அவளே ஆனாள்.

இரண்டாம் வெள்ளி காலை, டியூட்டி முடிந்து வந்த கையோடு பதிவு செய்ய உட்கார்ந்தாள். திரையில் சிவப்புப் பட்டை: 'உங்களைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.' அதற்குமேல் எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினாள். சங்கமம் பூட்டியிருந்தது. கதவில் அவளே பந்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தாள்: மாணவர் பாதையில் உள்ள தடைகளை அகற்றியதற்காக மாநில விருது பெற ஊழியர் அனைவரும் கொலம்பஸ் நகருக்குச் சென்றுள்ளனர்.

ஜோலீனைப் போனில் பிடித்தாள். பின்னணியில் கைதட்டல்.

"கண்ணு! எங்க போயிட்டே நீ? எல்லாரும் தவிச்சுப் போயிட்டோம்!"

"நான் பாஸாயிட்டேன் ஜோலீன்! எண்பத்தேழு! அதான் வரல. அந்தப் பூட்டை எடுத்துவிடு, சாயங்காலம் அஞ்சு மணியோட நர்சிங் சீட்டு போயிடும்."

"பாஸா! ஆண்டவனே, சந்தோஷம்டி! ஆனா கம்ப்யூட்டர்ல 'வருகை நின்றது'ன்னுல்ல காட்டுது? நீ நேர்ல வந்து கார்டு தேய்க்கணுமே."

"நேர்லதான் நிக்கிறேன்! உங்க கதவு முன்னாடி நிக்கிறேன்!"

"கார்டு தேய்க்கிற மிஷின் உள்ள இருக்கேம்மா."

"முனைவர்கிட்ட போனைக் குடு."

கைதட்டல் பெருகி அடங்கியது. முனைவர் கால்ஹூன் மூச்சு வாங்க வந்தார். "டானெட்! இப்பதான் மேடையில உங்களைப் பத்திப் பேசினேன். எல்லாரும் எழுந்து நின்னாங்க."

"மேடம், பூட்டு."

"உங்க பதற்றம் புரியுது. இந்த நிலைமையில நீங்களா என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

டானெட் நுழைவாயில் போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டு, போனை வைத்தாள். நர்சிங் துறைக்குப் போய்க் கேட்டாள். பூட்டை வெற்றிச் சங்கமம்தான் திறக்க முடியும் என்றார்கள், மிகவும் வருந்தினார்கள்.

ஐந்து மணிக்கு அவளுடைய இடம் காத்திருப்போரில் முதலில் இருந்தவருக்குப் போயிற்று.

திங்கட்கிழமை டானெட் வந்து கார்டைத் தேய்த்தாள். பூட்டு திறந்தது. ஜோலீன் மிட்டாய் கொடுத்தாள். 'விலகிச் சென்று மீண்டும் வந்த மாணவர்' என்று அவள் அந்த ஆண்டின் வெற்றிகளில் சேர்க்கப்பட்டாள். டானெட் இப்போதும் அதே முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்குகிறாள். அவள் நர்ஸ் ஆகவில்லை.

விதிப்படி இங்கே 'இன்னும்' சேர்த்துக்கொள்ள வேண்டும்.