சிவகௌரி மிஸ்ஸுக்கு நான் போட்ட அறிவித்தல்

எங்கள் பக்கத்தில் பத்திரிகையைப் பலரும் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள். இன்றைக்கு யார் போனார்கள் என்று பார்த்து, தெரிந்த முகம் இல்லையென்றால் ஒரு மூச்சு விட்டு, அதன் பிறகே நாடு எப்படிப் போகிறது என்று பார்ப்பார்கள். எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பாராத நான் நல்ல தமிழ் பழகியதும் அந்தப் பக்கத்தில்தான். வவுனியாவில் மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுத்த காலத்திலும், நீர்கொழும்பில் மீனுக்கு ஐஸ் உடைத்த காலத்திலும், கட்டாரில் கக்கூஸ் கழுவிய காலத்திலும் ஊர் மரண அறிவித்தல்களை நான் தவறவிட்டதில்லை. (ஊரில் என்னை ஒருவரும் தேடவில்லை. நான்தான் தேடிக்கொண்டிருந்தேன்.)

கட்டாரில் போன் திருத்தவும் பழகியிருந்ததால், திரும்பி வந்ததும் இணுவில் பக்கம் ஒரு பொது நூலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. சுற்றுவட்டார நூலகங்களுக்கும் வாசகர்களுக்கும் பொதுவாக ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. தினமும் காலையில் அதில் ஒரு செய்தியும் ஒரு தொழில்நுட்பக் குறிப்பும் போடுவது என் வேலை.

நூலகர் சிவகௌரி மிஸ், சனிக்கிழமை வயதானவர்களுக்குப் போன் பாவிக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்.

"சனம் வந்தால் உம்மை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேப்பன். வராட்டில் எந்த முகத்தோடை கேக்கிறது?" என்றார்.

மனைவி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். நான் மறுபடியும் கட்டாருக்குப் போவதா இல்லையா என்பது அந்த வகுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் இறக்கினேன்.

வியாழக்கிழமைக் குறிப்பு, 'படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் அளவு குறையும், டேட்டா மிச்சம்.' உதாரணத்துக்கு மிஸ்ஸின் படத்தையே கறுப்பு வெள்ளையாக்கினேன். இலவசமாகக் கிடைத்த படச் சட்டங்களில் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியும் சட்டம் மங்களகரமாகத் தெரிந்தது. கீழே எழுதினேன்:

'அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் இணுவிலை வதிவிடமாகவும் கொண்ட திருமதி சிவகௌரி அவர்களின் வகுப்பு எதிர்வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.'

'வகுப்பு' என்ற சொல்லை ஒருவரும் வாசிக்கவில்லை. படத்தைப் பார்த்த பிறகு யார் வாசிப்பார்கள். சனிக்கிழமை என்றதும், வெளிநாட்டுச் சொந்தங்கள் வரும்வரை வைத்திருக்கிறார்கள் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். குழுவில் கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழுந்தன. (என் எழுத்தை வணங்குகிறார்கள் என்று நினைத்தேன். அன்றைய தேத்தண்ணி தனி ருசி.)

தினமும் முதல் ஆளாகப் பத்திரிகை வாசிக்க வரும் பொன்னுத்துரை அண்ணை அன்று வெள்ளை வேட்டியோடு வந்து, பத்திரிகையைத் தொடாமல் இருந்தார். நான் கேட்பதற்குள் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. வகுப்புக்குத் தேயிலையும் சீனியும் வாங்கப் பக்கத்திலுள்ள திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிருந்த மிஸ், இரண்டு பையோடு உள்ளே வந்தார்.

அண்ணை எழும்பி, மறுபடியும் இருந்தார்.

"என்னண்ணை, முகம் வெளிறிப்போய்க் கிடக்கு? காலமை சாப்பிடேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. உம்மடை செத்தவீட்டுக்குப் போயிட்டு வந்து சாப்பிடுவம் எண்டு இருந்தனான்."

மிஸ் என் போனை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"உவ்வளவு வடிவாய் ஆரும் என்னைப் பற்றி எழுதினதில்லை," என்றார். "நூலகத் திறப்பை மேசையிலை வைச்சிட்டு வீட்டை போம். இனி வரவேண்டாம்."

சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் மிஸ்ஸின் கணவர் நின்றார். தோட்டக்காரர். முழங்கால்வரை சேறு, கையில் பட்டன் போன். படத்தைப் பார்த்துவிட்டுக் கனடாவிலிருந்து மச்சாள் போன் எடுத்து அழுதிருக்கிறார். ஸ்கூட்டியில் போன மனைவிக்கு ஏதோ நடந்துவிட்டதென்று சைக்கிளை மிதித்து வந்திருக்கிறார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் நூலகப் படி ஏறியது அதுதான் முதல்முறை.

"இஞ்சை, இருக்கிறீரோ?" என்றார்.

"இருக்காமல் எங்கை போறன்?"

அவர் தன் சேற்றுக் காலைப் பார்த்தார். "தண்ணி மோட்டரை நிப்பாட்டாமல் வந்திட்டன். வெங்காயம் மிதக்கும்."

மிஸ் தன் கதிரையை இழுத்து அவரை இருத்தி, சேலைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தார். பிறகு திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

"முதலிலை திருத்தம் போடும்."

போட்டேன்: 'திருமதி சிவகௌரி அவர்கள் இன்று காலை முதல் நலமாக உள்ளார். இவ்வறிவித்தலையும் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.' (வேறு தமிழ் எனக்குத் தெரியாது.)

சனிக்கிழமை கதிரைகள் போதவில்லை. உயிரோடு இருப்பவரைப் பார்க்க அவ்வளவு சனம் வந்தது. முதல் வரிசையில், புதுப் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி மிஸ்ஸின் கணவர்.

எனக்கு வேலை நிரந்தரமானது. மகளின் முதலாவது பிறந்தநாள் அழைப்பை மட்டும் மனைவி தானே எழுதினாள். "நீங்கள் பலூனைக் கட்டுங்கோ, அது காணும்," என்றாள்.

இன்றைக்கும் என் செய்தி வருமுன் குழுவில் மிஸ்ஸின் வரி ஒன்று விழும்: 'நான் இருக்கிறன். நூலகம் திறந்தாச்சு.' அதற்குக் கீழே தோட்டத்திலிருந்து ஒரு பதில் வரும்: 'மோட்டர் நிப்பாட்டியாச்சு.'