முகம் ஒன்றுதான் குறை

“எல்லாமே புடிச்சுப்போச்சாம். முகம் ஒண்ணுதான் சரியில்லையாம்.”

தரகர் தீர்த்தகிரி இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, காசியம்மாள் கொடுத்த மோரை அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தார். குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தார். பிறகு காசியம்மாள் தன் மகன் பச்சியப்பனின் முகத்தைப் பார்த்தாள். பச்சியப்பன் சுவரில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் பருக்கள் தெரிந்தன. பருக்களுக்கு நடுவே இடம் கிடைத்த பக்கமெல்லாம் முகமும் கொஞ்சம் தெரிந்தது.

“யாருங்க அப்படிச் சொன்னது? பொண்ணா?” என்று கேட்டான்.

“பொண்ணு எங்க பேசுது? தாய்மாமன் மாது தான் சொன்னாரு. வெத்தலைய மென்னுக்கிட்டே, ‘பையன் தங்கம், காடு இருக்குது, வேலை இருக்குது, அந்த முகம் மட்டும் எங்களுக்கு ஒத்துவராதுங்க. அதைச் சரிபண்ணிட்டாங்கன்னா மாசியிலயே பேசி முடிச்சிடலாம்’னாரு. நான் என்னத்த மறுத்துப் பேசறது? நெசத்தைத் தானே சொல்றாரு மனுசன்.”

தீர்த்தகிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நல்லம்பள்ளியில் ஓர் உரக்கடையில் ரசீது எழுதுகிறவன் பச்சியப்பன். பாப்பாரப்பட்டிக்குப் பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணைப் பார்த்துக்கொண்டே காப்பி டம்ளரை வாங்கி வேட்டியில் பாதியைக் கொட்டிக்கொண்டான். பெண் ராஜாமணி தலை நிமிரவில்லை. ஆனால் முந்தானைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்ட நாளிலிருந்து யூரியா வாங்க வந்தவனுக்குப் பொட்டாஷ் என்றும், பொட்டாஷ் வாங்க வந்தவனுக்கு ராஜாமணி என்றும் ரசீது எழுதிக்கொண்டிருந்தான். கட்டினால் அவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தான்.

கடையில் மூட்டை நிறுக்கும் சவுரியப்பன்தான் அவனுக்கு மந்திரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் தப்பில்லாமல் வாசகம் படிக்கிறவன் என்பதால், எந்தச் சந்தேகத்துக்கும் சவுரியப்பனிடம் விடை இருக்கும் என்று பச்சியப்பன் நம்பினான். சவுரியப்பனும் அதையேதான் நம்பினான்.

“கவலைய வுடுப்பா. சேலத்துல தோலுக்குன்னே தனி டாக்டர் இருக்காரு. மெட்ராஸ்காரரு. போலாம் வா.”

போனார்கள். டாக்டர் பச்சியப்பனின் கன்னத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார்.

“இது புதுசா வந்திருக்கிற மருந்து. ராத்திரி மட்டும் போடணும். ஒரு கடலை அளவு போதும், முகம் முழுக்க. மொதல்ல செவக்கும், தோல் உரியும், பரு இன்னும் கொஞ்சம் கூடுதலாக் கூட வரும். பயப்படக் கூடாது. பொறுமையா இருந்தா அப்புறம் பளிச்சுனு ஆயிடும். வெயில் மட்டும் படவே கூடாது.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது தொப்பூர் தாண்டியதும் பச்சியப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“சவுரி, ஒரு கடலைன்னா எந்தக் கடலை? உரிச்சதா, உரிக்காததா?”

சவுரியப்பன் கண்ணை மூடி யோசித்தான். “நம்மூர்ல ஒரு கடலைன்னா எது? செடியப் புடுங்குனா வேர்ல தொங்குதே, அதுதானே? உரிச்சுட்டா அது பருப்பு. டாக்டர் பருப்புன்னா சொன்னாரு?”

“சொல்லல.”

“உரியும்னு சொன்னாரா இல்லியா?”

“சொன்னாரு.”

“இனிமேதான் உரியும்னா, இப்ப உரிக்காததுன்னு தானே அர்த்தம்!”

இதற்கு மேல் யாரால் எதிர்த்துப் பேச முடியும்? பச்சியப்பன் வீட்டுக்கு வந்து விதைக்கடலை மூட்டையைப் பிரித்து, குறை வைக்கக் கூடாது என்று மூன்று பருப்புக் கடலைக்காயாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினான். அதை அளவாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ட்யூபைப் பிதுக்கினான். முகம் முழுக்கப் பூசி, மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் கழுத்துக்கும் தடவிக்கொண்டான்.

மூன்றே நாளில் முகம் பழுத்த மிளகாயாகிவிட்டது. அதோடு தோலும் உரியத் தொடங்கியது. வாயைத் திறந்தால் கன்னம் இழுத்தது. சிரித்தால் எரிந்தது. ராஜாமணியை நினைத்தால் சிரிப்பு வந்தது. ஆகவே ராஜாமணியை நினைத்தாலும் எரிந்தது.

“என்னடா பச்சி இது, வெந்த பனங்கிழங்காட்டம் உரியுது!” என்று காசியம்மாள் அலறினாள். “அந்த டாக்டர் கெட்டான். இரு, நான் சரிபண்றேன்.” மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்து அவன் முகத்தில் அப்பினாள்.

சிவப்போடு மஞ்சள் சேர்ந்தது. மறுநாள் பச்சியப்பன் வெயில் படாமலிருக்கத் தலையில் துண்டைப் போர்த்தி, அதற்கு மேல் குடையையும் விரித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனான். ஒரு சொட்டு மழை இல்லாத தை மாதத்தில் ஒருவன் குடை பிடித்து வந்தால் யார்தான் உற்றுப் பார்க்க மாட்டார்கள்? உரம் வாங்க நின்றவர்கள் பார்த்தார்கள். செக்கச் சிவந்த முகம், கொப்புளம் கொப்புளமாகப் பரு, மேலே மஞ்சள்.

“ஆத்தா வந்திருக்காடா!” என்று ஒருவர் கத்தினார்.

கடை காலியாகிவிட்டது. முதலாளி தூரத்தில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டு, “பச்சி, மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் இந்தப் பக்கம் வராதப்பா” என்றார். அவனைக் கும்பிட்டாரா, அம்மனைக் கும்பிட்டாரா என்பது தெரியவில்லை.

“அம்மை இல்லீங்க, மருந்துங்க!” என்று பச்சியப்பன் சொல்லிப் பார்த்தான்.

“ஐயையோ, அம்மைக்கு மருந்தா? அவ இன்னும் கோவிச்சுக்குவாளே!” என்றார் முதலாளி. கன்னத்தில் போட்டுக்கொண்டு அவர் இன்னும் கொஞ்சம் தூரம் போனார்.

இவன் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. தெருக்காரர்கள் வாசல் நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலையைச் செருகிவிட்டு, கூழ்ப் பானையையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காசியம்மாளுக்கு அதை எடுக்கத் துணிச்சல் இல்லை. இல்லாத அம்மையாக இருந்தாலும் வைத்த வேப்பிலையை எடுத்தால் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம்.

அதைவிடப் பெரிய தொல்லை வெயில். அந்த வாசல் வழியாகக் காலையில் நுழைகிற வெயில் சாயங்காலம் வரை கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும். பச்சியப்பன் மூலைக்கு மூலை ஓடி ஒளிந்தான். கடைசியில் பொறுக்க முடியாமல் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, விதைக்கடலை மூட்டைகளையும் அதன் மேல் சாய்த்து அடுக்கிவிட்டான்.

“வாசலை அடைச்சுட்டியே, நான் எப்படிடா போறது வர்றது?” என்றாள் காசியம்மாள்.

“மாட்டுக் கொட்டாய் பக்கம் ஒரு கதவு இருக்குது இல்ல, அதைத் தொறந்துக்கலாம்மா.”

அந்தக் கதவு திறந்து பல வருஷம் ஆயிற்று. சவுரியப்பன் வந்து சோளத்தட்டைப் போரை நகர்த்தினான். மாடு நகர மறுத்தது. அதையும் நகர்த்தினார்கள். காசியம்மாள் அங்கே சாணி தெளித்து, ஆள் நடக்கிற வாசல் வெறுமனே இருக்கக் கூடாதென்று கோலமும் போட்டாள். நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பச்சியப்பனின் முகத்துக்குப் பூசி மீந்த மஞ்சள் அது.

சவுரியப்பன் ஒரு கடலைக்கும் ஒரு பருப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மறுபடி யோசித்து, “ஒருவேளை பருப்பாவும் இருக்கலாம்” என்று ஒப்புக்கொண்டான். ஆனால் அதற்குள் ட்யூபில் மருந்தே இல்லை.

இந்த நிலையில்தான் ஒரு மத்தியானம் தீர்த்தகிரி தலைதெறிக்க சைக்கிளை மிதித்து வந்தார்.

“மாது வர்றாருங்க! பஸ்ஸுல வந்து எறங்கிட்டாரு, டீக்கடையில உக்காந்திருக்காரு. முகம் சரியாச்சான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்னாரு. எங்க மாப்பிள்ளை?”

இருட்டு மூலையிலிருந்து பச்சியப்பன் எழுந்து வந்தான். தீர்த்தகிரி இரண்டடி பின்வாங்கினார்.

“அடப்பாவமே! இதுக்கு முன்னால இருந்ததே தேவலாம்போல இருக்குதே!”

பச்சியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணீர் பட்டதும் கன்னம் எரிந்தது. “போச்சுங்க. அவ வேற யாருக்கோ காப்பி குடுக்கப் போறா” என்று விசும்பினான்.

“அழாத, உப்புத்தண்ணி ஆகாது” என்றான் சவுரியப்பன். “ஆயா, மொதல்ல அந்த வேப்பிலைய எடுங்க. இல்லன்னா அம்மைன்னு அவரு தெருவுலயே திரும்பிடுவாரு. கதவை மட்டும் தொறக்கவேண்டாம். வெயில் அடிச்சா மூஞ்சி காட்டிக்குடுத்துடும்.” பிறகு எங்கிருந்தோ பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து பச்சியப்பன் முகத்தில் கொட்டினான். உரிந்துகொண்டிருந்த ஒவ்வொரு தோலிலும் பவுடர் போய் உட்கார்ந்து, சுண்ணாம்பு உதிர்கிற சுவர்போல் ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் துண்டைக் கழுத்தோடு சேர்த்துச் சுற்றி, கொட்டாய்க் கதவுக்கு உள்ளே நிழலில் அவனை நிறுத்தினார்கள்.

மாது பழைய வாசலுக்கு வந்தார். சாத்தியிருந்த கதவைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் வந்தார். அங்கே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

காசியம்மாள் முருகனை வேண்டிக்கொண்டாள். சவுரியப்பன் சிலுவை போட்டுக்கொண்டான்.

“அடடடா!” என்றார் மாது. முகமெல்லாம் பல்லாக இருந்தது. “முகத்தைச் சரிபண்ணிட்டீங்களே! சொன்னவுடனே செஞ்சுட்டீங்களே! இப்பத்தாங்க பாக்க லட்சணமா இருக்குது!”

உள்ளே நின்ற பச்சியப்பன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

“நெசமாவா சொல்றீங்க?” என்றான்.

“நான் எதுக்குத் தம்பி பொய் சொல்றேன்? மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, மகாலட்சுமியாட்டம் இருக்குது. யாரு கைவேலை?”

“சேலத்துக்காரருங்க ஒருத்தரு.”

“சேலம் வரைக்கும் போனீங்களா! இங்கயே ஆள் இருக்குதே. சரி, நல்ல கை. அங்கங்க கொஞ்சம் உரியுது, அது ஒண்ணுமில்ல. மேல ஒரு பூச்சுப் பூசிட்டா தெரியாது.”

“பூசிட்டோங்க. அதுதான் உரியுது” என்றான் சவுரியப்பன்.

“காலையில நல்லா வெயில் படணும். அதுதான் முக்கியம்.”

“ஐயோ, வெயில் படக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க!” என்று பச்சியப்பன் பதறினான்.

“எவன் சொன்னான்? படாம என்ன பிரயோசனம்? நல்லாப் படட்டும்!” மாது திரும்பித் தரகரைப் பார்த்தார். “தீர்த்தகிரி, வெத்தலைபாக்கு வாங்கியா. இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டு? பங்குனியில நாள் பாத்துடலாம். எங்க ராஜாமணியும் இந்த எடந்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. காப்பி கொட்டுன கதையச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிச்சுக்கிட்டிருக்கா.”

பச்சியப்பன் சிரித்தான். கன்னம் எரிந்தது. எரியட்டும் என்று இன்னும் நன்றாகச் சிரித்தான். எரிச்சல் இத்தனை சுகமாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. சவுரியப்பன் ஓடிப்போய் மாட்டைக் கட்டிக்கொண்டான்.

காசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு வார்த்தை சொல்லிவுட்டீங்க, அதுக்காக எம் புள்ள மூஞ்சியெல்லாம் எரிய எரிய எத்தனை நாளு தவிச்சுக் கெடந்தான் தெரியுங்களா? உங்க பொண்ணுக்காகத் தோலையே உரிச்சுக்கிட்டானே!”

மாது முதல்முறையாக நிலையிலிருந்து கண்ணை இறக்கி, உள்ளே துண்டு சுற்றி நின்ற உருவத்தைக் கூர்ந்து பார்த்தார்.

“தெக்குப் பாத்த வூட்டுல பொண்ணைக் குடுக்க மாட்டோம், வூட்டு முகத்தைக் கெழக்கால மாத்துங்கன்னு தானுங்களே சொல்லிவுட்டேன்… ஆமா, மாப்பிள்ளை மூஞ்சிக்கு என்ன ஆச்சு?”