விஜயபாண்டி வேலையைத் தொடங்கப்போகிறார்

மனிதர்களில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கணக்கிலும் வராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் தொடங்கப்போகிறவர். இவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம். சோம்பேறி நிம்மதியாகப் படுத்துத் தூங்குவார். இவருக்கு ஏது தூக்கம்? தொடங்குவதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து செய்தே இளைத்துப்போனவர் அல்லவா!

நேரில் பார்க்க ஆசையிருந்தால் போடிநாயக்கனூருக்கு வாருங்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார், விஜயபாண்டி என்று பெயர். போடிமெட்டைத் தாண்டி மலைச்சரிவில் அவருக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். பறித்த காயை உலர்த்த, தோட்டத்துக்குள்ளேயே ஒரு ஸ்டோர். அங்கே அடுப்பில் விறகை எரித்தால், புகை ஒரு தகரக் குழாய் வழியாக உலர்த்தும் அறையைச் சுற்றி வந்து வெளியே போகும். சூடு காய்க்கு, புகை வானத்துக்கு. இந்த வருஷம் அந்தக் குழாயில் ஓட்டை விழுந்துவிட்டது. அப்படியே அடுப்பைப் போட்டால் காயெல்லாம் புகை குடித்து வீணாகிவிடும். புதுத் தகரத்தை வளைத்து ஓட்டையைச் சுற்றிப் போர்த்தி ரிவிட் அடிக்க வேண்டும். விஜயபாண்டிக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான்.

"பறிப்புக்கு முன்னாடி அந்தக் குழாயப் பாத்துருங்க" என்று அவர் மனைவி ரேணுகா சித்திரையிலேயே சொன்னார்.

"நாளைக்கே உக்கார்றேன்."

உட்கார்ந்தார். எதற்கு? கவனம் சிதறாமல் வேலை செய்வது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்ப்பதற்கு. ஒருவர் விடியுமுன் எழச் சொன்னார். இன்னொருவர் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னார். மற்றொருவர், முதலில் வீடியோ பார்ப்பதை நிறுத்துங்கள் என்றார். அது மிகவும் பிடித்துப்போய், அதையே மறுபடி போட்டுப் பார்த்தார்.

போடி வெயிலில் மனசு ஒருமுகப்படாது என்று ஜீப்பேறி மலைக்குப் போனார். மலைக்குளிரில் விரல் விறைக்கிறது என்று இறங்கி வந்து கையுறை வாங்கினார். கையுறை போட்ட கைக்குப் பழைய சுத்தியல் எடுப்பாக இல்லை என்று புதுச் சுத்தியல் வாங்கினார். அதை மாட்ட ஸ்டோர் சுவரில் பலகை அடித்தார். பலகைக்குப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் காயட்டுமே என்று போடிமெட்டு டீக்கடையில் உட்கார்ந்து, மனத்தைக் குவிப்பதன் அவசியத்தைக் கடைக்காரருக்கு விளக்கினார். குழாய்? இருந்த இடத்தில் இருந்தது. ஓட்டையும்தான்.

ஒருநாள், "நாளைக்கு நான் வேலையில இருப்பேன், யாரும் போன் பண்ணாதீங்க" என்று சொல்வதற்காகச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் பண்ணினார். தேவாரம் ஊரில் இருக்கும் மச்சானுடைய தோட்டத்தில் யானை புகுந்த கதையை முழுக்கக் கேட்காமல் போனை வைக்க முடியவில்லை. மறுநாள் எல்லோரும் திருப்பிக் கூப்பிட்டு, "என்ன மாப்ளே, சோலி முடிஞ்சுதா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

ஏலக்காய்க்கு எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. அது பாட்டுக்கு முற்றிவிட்டது.

கோடையில் மழை பொய்த்துப் பாதிச் செடி காய்ந்துபோயிருந்தது. மிச்சச் செடியில் தப்பிப் பிழைத்த காய் இது. ரேணுகாவின் தையல் கூலியை விட்டால் அந்த வீட்டுக்கு இந்த வருஷம் வேறு வரும்படி கிடையாது. ஆடிச் சாரலில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, செல்லத்தாயும் அவரோடு வந்த பெண்களும் பறித்துக் கொண்டுவந்து ஸ்டோர் வாசலில் மூட்டைகளை இறக்கினார்கள்.

"அண்ணே, காயெல்லாம் ஈரம். மூட்டையில கெடந்தா வெந்துபோகும். வெரசா அடுப்பப் போடுங்க" என்றார் செல்லத்தாய்.

"போட்டுரலாம் ஆத்தா. அந்தக் குழாய மட்டும் ஒரு கை பாத்துட்டு..."

"இன்னுமா பாக்கல?"

ஜீப் ஓட்டும் பால்ராஜ் பக்கத்துத் தோட்டங்களுக்கு விரைந்து போய்விட்டு வந்தார். "எல்லா ஸ்டோரும் ஃபுல்லு, அண்ணே. எங்கயும் எடமில்ல."

விஜயபாண்டி மூட்டைக்குள் கையை விட்டார். உள்ளே காய் கதகதவென்று இருந்தது. உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு என்ன செய்தார் தெரியுமா? கையுறையைத் தேட ஆரம்பித்தார்.

பறிப்புக்காக மலைக்கு வந்திருந்த ரேணுகா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தகரத்தையும் மூலையில் கிடந்த பழைய சுத்தியலையும் எடுத்துக்கொண்டு குழாய்க்கடியில் நுழைந்தார். டங்! டங்!

"ஐயய்யோ, என்ன பண்ற?"

"நானே அடிச்சுர்றேன். நீங்க மெதுவாத் தொடங்குங்க."

"மடிப்பு மேல வருது பாரு! அப்படி அடிச்சா புகை பூராம் உள்ளதான் வரும். தள்ளு, தள்ளு. கொண்டா இங்க!"

அவ்வளவுதான். மனிதர் உள்ளே போய்விட்டார்.

வெள்ளைச் சட்டையோடு, வெறுங்கையோடு, கரித்தரையில் மல்லாந்து கிடந்தபடி தகரத்தை வளைத்தார். மழை கூரையைப் பிய்த்தது, கேட்கவில்லை. போன் அடித்தது, கேட்கவில்லை. பால்ராஜ் வைத்துவிட்டுப் போன டீயில் ஆடை படிந்தது, தெரியவில்லை. கையை நீட்டினார், செல்லத்தாய் ரிவிட்டை வைத்தார். வைத்தது யாரென்று பார்க்கவில்லை. அவருக்கும் ஓட்டைக்கும் நடுவே உலகம் என்று ஒன்று இல்லை. மூக்கில் கரி, வாயில் ஏதோ முணுமுணுப்பு, முகத்தில் கல்யாணக்களை! எத்தனையோ வீடியோவில் தேடிய அந்த நிலை இதோ வந்து கூடவே படுத்திருந்தது. அது வந்ததைக் கவனிக்கத்தான் அவருக்கு நேரமில்லை.

கடைசி ரிவிட்டை அடித்துவிட்டு வெளியே வந்தவர், தூக்கத்திலிருந்து எழுந்தவரைப் போல் எல்லோரையும் பார்த்து, "முடிஞ்சுருச்சா?" என்று கேட்டார். செல்லத்தாய் சிரித்த சிரிப்பில் மற்ற பெண்களும் சிரித்து, சிரிப்பு குலவையாகிவிட்டது. அடுப்பைப் போட்டார்கள். புகை ஒழுங்காக வானத்துக்குப் போயிற்று.

காய் உலர்ந்ததும் கதவைத் திறந்தார்கள். அடி மூட்டையில் கிடந்தது மட்டும் நிறம் மங்கியிருந்தது. மற்றதெல்லாம் கிளிப்பச்சை. ரேணுகா ஒரு காயை உடைத்துக் கணவரின் மூக்கருகே நீட்டினார். புகைவாசம் துளிகூட இல்லை. விஜயபாண்டி நெடுநேரம் முகர்ந்துகொண்டே நின்றார்.

பின்னொரு நாள் ரேணுகாவிடம் கேட்டேன்: "தெரியாமத்தான் தகரத்தத் தலைகீழாப் பிடிச்சியாம்மா?"

"தெனமும் தையல் மிஷின்ல மடிப்பு அடிக்கிறவ நான். மடிப்பு எந்தப் பக்கம் வரணும்னு தெரியாதா அண்ணே? அவுகளுக்குத் தொடங்கத்தான் வராது. தப்பா நடக்குறதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கவும் வராது."

இப்போதெல்லாம் எந்த வேலையானாலும் ரேணுகா அதைக் கோணலாக ஆரம்பித்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் விஜயபாண்டி, "யாரு இத இப்படிப் பண்ணுனது?" என்று கத்திக்கொண்டே முடித்துவிடுகிறார். அவரோ, தாம் ஞானம் பெற்றுவிட்டதாக நினைக்கிறார். கவனத்தைக் குவிப்பது எப்படி என்று ஊருக்கு வகுப்பெடுக்கப்போகிறாராம். நல்ல நாற்காலி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்க உட்காருமுன் நீங்கள் என்ன செய்யப் போனீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அது உங்கள் சொந்த விஷயம். ஆனால், "அப்படியே நம்மாளு மாதிரியே இருக்கே" என்று இதைச் சிநேகிதர் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு வேலையைப் பார்க்கலாம் என்று இந்த நிமிஷம் உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? அதுதான் முதல் அறிகுறி.