முப்பது நாளைக்குத் தொடக்கூடாது

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் என்ன சொன்னாலும் முழுதாக நம்பிவிடுவேன். படித்தவர்கள் பாதியை நம்பி மீதியை யோசிப்பார்கள். நான் முழுவதையும் நம்பி, அதற்கு மேலும் யோசிப்பேன். (யோசிப்பது என்றால் பயப்படுவது. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்.)

சண்டைக் காலத்தில் திருகோணமலையில் பயப்படுவதற்கு எத்தனையோ இருந்தன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு நான் ஒரு காரின் பெயின்றுக்காகப் பயந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கார் எனது அல்ல. துறைமுகத்தில் வேலை செய்த அத்தானுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. முதுகு வளைந்த பழைய கார் என்பதால் ஊரில் அதற்கு ‘ஆமை’ என்று பெயர். தங்கை சாந்திக்குச் சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் மாப்பிள்ளை பொருந்தியதும், புதுப் பெயின்ற் அடித்த காரில்தான் அவரை அழைத்து வரவேண்டும் என்று அத்தான் முடிவெடுத்தார். பொறுப்பு என் தலையில். பச்சை அடித்தால் ஆமி வாகனம் என்பார்கள், சாம்பல் அடித்தால் நேவி என்பார்கள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் நாவற்பழ நிறத்தைத் தெரிவுசெய்தேன்.

பெயின்ற் அடித்தவர் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்துபோகும் ஒரு முஸ்லிம் நானா. ஊர் குழம்பி ஒரு கிழமை லோஞ்ச் ஓடவில்லை. ஆகவே வேலை முடிந்தபோது கலியாணத்துக்கு ஆறே நாள் இருந்தது.

“மேலால காஞ்சிட்டு தம்பி, உள்ளுக்கு இன்னும் ஈரப் பச்சைதான்,” என்றார் நானா. “முப்பது நாளைக்கு அது மூச்சு விடணும். மெழுகு பூசினா மூக்கைப் பொத்தின மாதிரி. சவுக்காரம் வேணா. துணி போட்டு மூட வேணா. காகம் எச்சம் போட்டா உடனே தண்ணி ஊத்துங்க. முக்கியமா, சூடா இருக்கக்குள்ள கை வைக்க வேணா. அப்படியே பதிஞ்சிரும்.”

பெயின்ற் எப்படி மூச்சு விடும்? அன்று பின்னேரம் கார்க் கதவில் காதை வைத்துக் கேட்டேன். (தொடாமல்தான். ஒரு விரல் இடைவெளி விட்டு.) ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு நின்றுவிட்டதோ என்று புதுக் கவலை பிடித்தது.

விடிய எழும்பி, உப்புக் காற்றின் பிசுக்குப் போக நல்ல தண்ணீர் ஊற்றினேன். ஊருக்குள் திரியும் மான்கள் உப்புக்காக நக்கிவிடும் என்று தடியோடு காவல் நின்றேன். துறைமுகத்துக்குள் அடியால் நீந்திச் சுழியோடிகள் வராமலிருக்க நேவி இடைக்கிடை தண்ணீருக்குள் வெடி போடும். வீட்டு யன்னல் அதிரும். அதையும் நானாவிடம் கேட்டேன்.

“நானா, அந்த அதிர்ச்சிக்குப் பெயின்ற் வெடிக்குமோ?”

“பெயின்ற் வெடிக்காது. நீங்க வெடிக்காம இருங்க தம்பி.”

மூன்றாம் நாள்தான் மிகப் பெரிய ஆபத்து நினைவுக்கு வந்தது. சென்றி. சல்லிக்குப் போகும் வழியிலுள்ள அந்தக் காவலரணில் ஆமிக்காரர் காரைச் சோதித்துவிட்டுப் போகச் சொல்லும்போது, போனற்றில் உள்ளங்கையால் ‘பட்’ என்று ஒரு அடி போடுவார்கள். அதைத் தடுக்க வேண்டுமே! சிங்களவரான பேக்கரி முதலாளியிடம் போய் ‘தொட வேண்டாம்’ என்பதற்குச் சிங்களம் கேட்டேன். ‘அல்லன்ன எப்பா’ என்றார். மூன்று நாளும் அதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். (பள்ளிக்கூடத்தில் எதையும் இவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.)

கலியாண நாள். ஒன்பதரைக்குள் தாலி ஏற வேண்டும். காரை நான்தான் ஓட்டினேன். போகும்போது சென்றியில் கூட்டமாக இருந்ததால் கையை அசைத்து விட்டுவிட்டார்கள். சல்லியில் மாப்பிள்ளை தலைப்பாவோடு தயாராக நின்றார். வள்ளம் வைத்திருப்பவர். நான் கைலேஞ்சித் துணியால் பிடித்துக் கதவு திறந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

“உதென்ன மச்சான், காருக்குக் காய்ச்சலோ?”

“இல்லை, ஆறாம் நாள். தொடக்கூடாது.”

“நாங்கள் பெயின்ற் அடிச்சு மூண்டாம் நாளே வள்ளத்தைக் கடலிலை இறக்குறம். அது மூச்சும் விடுறேல்லை, முனகிறதுமில்லை.”

திரும்பி வரும்போது மணி எட்டேகால். சென்றியில் மறித்தார்கள். மாப்பிள்ளை இறங்கி அடையாள அட்டையைக் காட்டினார். ஒரு சிப்பாய் டிக்கியைத் திறந்து பார்த்தான், சீற்றுக்குக் கீழே பார்த்தான். எல்லாம் சரி. முன்பக்கம் வந்தான். கையை உயர்த்தினான்.

நான் கதவைத் திறந்து பாய்ந்தேன். போனற்றுக்கும் அவனுக்கும் இடையில் இரண்டு கைகளையும் விரித்து நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

“அல்லன்ன எப்பா!”

உச்சரிப்பு மிகத் திறமாக வந்தது. அதுதான் பிரச்சினை.

சிப்பாயின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவன் பின்பக்கமாகவே ஐந்து அடி ஓடினான். விசில் சத்தம் கேட்டது. மண்மூட்டைகளுக்குப் பின்னால் தலைகள் மறைந்தன. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து சனம் இறங்கி ஓடியது. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு வீதியோரம் குப்புறப் படுத்தார். நின்றது நானும் ஆமையும்தான். சண்டைக் காலத்தில், சென்றியில், காரைத் தொடாதே என்று ஒருவன் கத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து அதிகாரி உடைந்த தமிழில் கேட்டார்.

“ஏன் தொட வேணாம்? உள்ளே என்ன?”

“பெயின்ற் சேர்! புதுப் பெயின்ற்! முப்பது நாள்!”

“பொய்! நீ தொடு. ரெண்டு கை. அமத்து!”

துவக்குகள் எல்லாம் என்னைப் பார்த்தன. போனற் எஞ்சின் சூட்டில் கொதித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தைப் பார்த்து அதிகாரி இன்னும் கீழே பதுங்கினார்.

புழுதிக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. “மச்சான், தொடும்! கலியாணம் நடக்கோணும், தொட்டுத் துலையும்!”

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினேன். சுட்டது. எடுக்கச் சொல்லும்வரை எடுக்கவில்லை.

ஒன்றும் வெடிக்கவில்லை. அதிகாரி மெல்ல வந்து குனிந்து பெயின்றை மணந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. பயம் போய், சின்னப் பிள்ளையின் ஆவல் வந்துவிட்டது.

“எத்தனை கோட்?”

“நாலு சேர்.”

“ஏன் முப்பது நாள்?”

“உள்ளுக்கு ஈரம் சேர். மூச்சு விடோணுமாம்.”

“ம்ம்... அப்புறம் மெழுகு?”

“ஓம் சேர். பழைய பெனியன் துணியாலை.”

எதையோ மனத்தில் குறித்துக்கொள்பவர்போலத் தலையாட்டினார். போகச் சொல்லிப் போனற்றில் தட்டக் கையை ஓங்கியவர், பாதியில் நிறுத்தி, கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒன்பது இருபத்தைந்துக்குத் தாலி ஏறியது. மாப்பிள்ளையின் நெஞ்சில் செம்மண். ஐயர் அதைச் சந்தனம் என்று நினைத்திருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை.

அத்தான் மட்டும் காரைச் சுற்றி வந்தார். போனற்றில் பத்து விரலும் ரேகையோடு பதிந்திருந்தன.

“ஆமி தொடேல்லை, மான் தொடேல்லை, காகம் தொடேல்லை. ஆரடா இது?”

நான் கைகளைப் பின்னால் மறைத்தேன்.

நானா தேய்த்துத் திரும்ப அடித்துத் தருவதாகச் சொன்னார். அத்தான் விடவில்லை. இன்னும் முப்பது நாள் என்னைத் தன்னால் சமாளிக்க ஏலாது என்றார். ஆமையை விற்கும்வரை அந்தக் கைகள் இரண்டும் அதில் இருந்தன.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் வடைத் தட்டை நோக்கிக் கையை நீட்டினால் போதும். அன்றைய மாப்பிள்ளை, என் மச்சான், கதிரையில் இருந்தபடி “அல்லன்ன எப்பா!” என்று கத்துவார். உடனே வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் தொப்பென்று நிலத்தில் குப்புறப் படுப்பார்கள். எல்லாம் சண்டை முடிந்தபிறகு பிறந்ததுகள். ஏன் படுக்க வேண்டும் என்று இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் பெயின்றைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று இருக்கிறேன்.