விரிசலார் கண்டுபிடித்த கட்டடம்

இடிபாட்டு ரசிகர் என்றொரு இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் புது வீடு கட்டி முடித்து, பெயிண்ட் வாசனைகூடப் போகாத கூடத்தில் அவரை உட்காரவைத்து, "எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டிருப்பீர்கள். அவர் நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வந்த கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஒரு எழுபது வருஷம் போகட்டும்" என்றிருப்பார். அவரேதான்.

இந்த இனம் எங்கேயும் பிழைத்துக்கொள்ளும் என்றாலும், பழைய பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில்தான் கொழுத்து வளரும். ஏன் என்கிறீர்களா? மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டடங்களால் போக முடிவதில்லை. கூரை போன விடுதி, தொலைநோக்கி போன வானாய்வுக்கூடம், தண்ணீர் வற்றி மரம் முளைத்த நீச்சல்குளம், எதையும் அச்சடிக்காத அச்சகம் என்று தெருவுக்கு ஒன்றாக அவை நிற்கும். நம்மவருக்கு வேறென்ன வேண்டும்?

நான் சொல்லவந்த ஆள் அப்படியோர் ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊராருக்கெல்லாம் பார்வை சோதித்துச் சொல்கிறவர். பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரில் ஒரு விரிசலைக் கண்டுவிட்டால் பேச்சு நின்றுவிடும். அதனால் நண்பர்கள் அவருக்கு விரிசலார் என்று பெயர் வைத்தார்கள். அவர் அதை விருதாகவே ஏற்றுக்கொண்டார். புதன்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று முழங்கால்வரை பூட்ஸ், தோளில் கேமரா, நெற்றியில் விளக்கு. பட்டப்பகலில்தான். துணைக்கு மனைவியின் தம்பி. பல் வைத்தியரான இந்த மைத்துனருக்கு இடிபாடுகள்மேல் ஒரு ஆசையும் கிடையாது. "கூடப் போயேன்டா, சுவர் எதாவது விழுந்தா வந்து சொல்றதுக்காவது ஒரு ஆள் வேணும்ல" என்று அக்கா அனுப்பிவைத்ததால் வந்தார்.

விரிசலாருக்குச் சில விதிகள் உண்டு. கதவு திறந்தே கிடந்தாலும் ஜன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும். உள்ளே போனதும் குரலைத் தாழ்த்த வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மைத்துனரின் கையைப் பிடித்து நிறுத்தி, "கேக்குதா?" என்பார்.

"என்ன அத்தான்?"

"நிசப்தம்."

இதற்கு ஒரு பல் வைத்தியரால் என்ன பதில் சொல்ல முடியும்?

ஒரு புதன்கிழமை, பழைய தேர்வு மண்டபத்துக்குப் பின்பக்கம், எந்த ரசிகரின் பட்டியலிலும் இல்லாத ஒரு கட்டடத்தை விரிசலார் கண்டார். மாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுவரைப் பிளந்துகொண்டு ஒரு மரம் வெளியே வந்திருந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் பாதி இல்லை, மீதியில் புறாக்கள் இருந்தன. கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. விரிசலாரின் கண் கலங்கிவிட்டது. இருவரும் திறந்திருந்த கதவைத் தாண்டிப் போய், முள்செடிக்குள் இறங்கி, ஜன்னலேறி உள்ளே குதித்தார்கள்.

"மனுஷ நடமாட்டம் நின்னு முப்பது வருஷமாவது இருக்கும்" என்றார் விரிசலார், சுவரைத் தடவியபடி.

"அத்தான், இந்த மேஜைமேல டீ இருக்கு. சூடா இருக்கு."

"பழைய கட்டடத்துல வெப்பம் தேங்கும்டா."

"காத்தாடி சுத்துது."

"காத்துல சுத்துது."

அடுத்த அறையில், மலைபோல் குவிந்த கோப்புகளுக்கு நடுவே, தலைமேல் சுண்ணாம்புத் தூள் படிந்த ஒரு உருவம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. யாரோ நிறுவனரின் சிலையாக இருக்கும் என்று விரிசலார் மூன்று கோணங்களில் படமெடுத்தார். நாலாவது கோணத்துக்காக அதன் முகவாயைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினார். சிலை கண்ணைத் திறந்தது.

"டோக்கன் எடுத்தீங்களா?" என்றது.

அது பல்கலைக்கழகத்தின் கட்டடப் பராமரிப்பு அலுவலகம். எழுத்தர் ஒருவர், உதவியாளர் ஒருவர், கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் என்று மூன்று பேர் நாள்தோறும் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் அம்மா குடைபிடித்தபடி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் குடையில் விழுந்து வாளிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஊர்க் கட்டடத்தையெல்லாம் பழுது பாக்கறீங்க, இதைப் பாக்கலையா?" என்று கேட்டார் மைத்துனர்.

"எங்க கட்டடத்துக்கு நாங்களே புகார் குடுக்க முடியாதுங்க. விதி அப்படி. வெளியாள் யாராவது எழுதிக் குடுத்தா உடனே எடுத்துக்கலாம்." அம்மா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, தூசியை ஊதி, விரிசலார் முன் வைத்தார். "பதினோரு வருஷமா யாரும் வரலை. நீங்கதான் முதல் ஆளு. ஒரே ஒரு கையெழுத்து சார். மேல பாருங்க, எப்ப விழும்னே தெரியல."

விரிசலார் மேலே பார்த்தார். காரை உரிந்து, கம்பி தெரிந்து, பச்சையும் கறுப்புமாய்ப் பாசி படர்ந்து கிடந்த அந்தக் கூரையைப் போல ஒன்றை அவர் இருபது வருடத்தில் பார்த்ததில்லை. இதைப் பூசிவிடுவதா? வெள்ளையடித்துவிடுவதா? அதற்குத் தன் கையாலேயே கையெழுத்தா?

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றார். படிவத்தை மடித்து அம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

இருவரும் வீடு திரும்பினார்கள். மைத்துனர், "அந்தம்மா தலைமேல விழுந்துரும் அத்தான்" என்றார். விரிசலாரோ படங்களில் இருந்த மூன்று பேரையும் வெட்டி எடுத்துவிட்டு, 'மனிதர் மறந்த மாளிகை' என்று தலைப்பிட்டு இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

படம் பிய்த்துக்கொண்டு போனது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் நெற்றி விளக்குகள் வந்து இறங்கின. பதினோரு வருடமாக ஆளே வராத அலுவலகத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் வரிசை நின்றது. எழுத்தர் சந்தோஷமாக டோக்கன் கொடுத்தார். வந்தவர்களோ, "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, படத்துல விழறீங்க" என்று அவரையே நகர்த்தினார்கள். உதவியாளர் ஒரு நாள் தரையைப் பெருக்கிவிட்டார் என்பதற்காக, இருபத்திரண்டு பேர் கையெழுத்திட்டுக் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். அவ்வளவு கூட்டத்திலும் புகார்ப் படிவத்தில் கையெழுத்துப் போட ஒருவர் இல்லை. விரிசலார் வாரம் தவறாமல் வந்தார். கரையான் அரித்த வருகைப் பதிவேட்டின் அழகில் மயங்கி, ஒவ்வொரு முறையும் அதில் கையெழுத்துப் போட்டார். மைத்துனர் மட்டும் முதல் நாளுக்குப் பிறகு உள்ளே வரவேயில்லை. வெளியே மரத்தடியில் நின்றுகொள்வார்.

பதினான்காவது புதன்கிழமை, கூரையை நேர் கீழிருந்து எடுக்க வேண்டும் என்று விரிசலார் தரையில் மல்லாந்து படுத்தார். "கேக்குதா?" என்றார் யாரிடமோ. கேட்டது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காரைப் பாளம் பெயர்ந்து அவருடைய வலது காலில் விழுந்தது.

நெற்றி விளக்குகளெல்லாம் ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்தன. கண்காணிப்பாளர் அம்மா மட்டும் எழுந்து ஓடிவந்து, தன் குடையை விரிசலார் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அம்மாவின் தலையில் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான், பதினான்கு வாரத்தில் முதல்முறையாக, கண்ணாடிக் கடைக்காரர் அந்த அம்மாவின் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் வில்லை குறுக்கே உடைந்திருந்தது. காம்பு நூலால் கட்டப்பட்டிருந்தது.

"இது எப்ப உடைஞ்சுதும்மா?"

"போன மழைக்கு ஒரு துண்டு விழுந்துதே, அப்ப. நீங்க பாசியைப் படமெடுத்துக்கிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லல சார்."

விரிசலாருக்குக் கால் வலி மறந்துவிட்டது. வெட்கம் அதைவிடப் பெரிதாக வலித்தது. "அந்தப் படிவத்தைக் குடுங்க" என்றார்.

அம்மா பதிவேட்டைப் புரட்டினார். "நீங்க போட முடியாதுங்களே. பத்துத் தடவைக்கு மேல கையெழுத்துப் போட்டா அலுவலகத்தைச் சேர்ந்தவர்னு விதி. நீங்க பதினாலு போட்டிருக்கீங்க. இப்ப வெளியாள் இல்ல."

"வந்தவங்க யாராவது?"

"எல்லாரும் ஓடிட்டாங்களே."

சத்தம் கேட்டு மைத்துனர் உள்ளே வந்தார். கதவு வழியாக. அக்காவிடம் போய்ச் சொல்வதற்காக நியமிக்கப்பட்டவர், முதலில் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்; பிறகு அத்தானைத் தூக்கினார்.

விரிசலார் மாவுக்கட்டோடு கடையில் உட்கார்ந்து, அம்மாவுக்குப் பார்வை சோதித்துப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போன அம்மா கூரையை அண்ணாந்து பார்த்து, "ஐயையோ, இவ்வளவு மோசமாவா இருக்கு!" என்று அலறி, பத்தே நிமிடத்தில் அனுமதி முத்திரை குத்தினாராம். நாலு மாதத்தில் மாடி நிமிர்ந்தது. சுவருக்கு வெளிர்மஞ்சள் பெயிண்ட். ரசிகர்கள் அந்தக் கட்டடத்துக்கு இணையத்திலேயே இரங்கல் கூட்டம் நடத்தினார்கள்.

விரிசலார் ஊன்றுகோலோடு பார்க்கப் போனார். மஞ்சள் சுவரின் முன் மூன்று பேரும் விறைப்பாக நின்று, "ஒரு படம் எடுங்க சார்" என்றார்கள். எடுத்தார். அதை இணையத்தில் போட்டபோது, "என்னங்க இது, ஆளுங்க இருக்காங்களே" என்று ஒரே ஒருவர் கேட்டார்; மற்றவர்கள் அதையும் கேட்கவில்லை.

திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். கால் சரியானதும் அடுத்த புதன்கிழமையே அச்சகத்துக்குப் போய்விட்டார். ஆனால் ஜன்னலில் ஏறுவதற்கு முன் இப்போதெல்லாம் ஒருமுறை கனைத்துக்கொண்டு, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்கிறார். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருக்கிறார். இந்த இனத்தில் அது பெரிய முன்னேற்றம்.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள், சந்தோஷம். போன மாதம் ஒரு பழைய தெருவில், சாய்ந்து நின்ற ஒரு வீட்டின் முன் வண்டியை நிறுத்தி, "ஆஹா, என்ன அழகு!" என்று கைபேசியைத் தூக்கினீர்களே, நினைவிருக்கிறதா? கொடியில் காய்ந்த துணிகள் படத்தில் விழக் கூடாதென்று இரண்டடி நகர்ந்துகூட நின்றீர்கள். அந்தப் படம் இன்னும் உங்களிடம்தான் இருக்கும். சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள். மாடி ஜன்னலில் யாரோ நின்று, நீங்கள் எப்போது நகர்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.