பத்துக்கு நாலு

"ஏம்மா, இது எந்தப் பிள்ளையோட பேப்பர்? கையெழுத்து நம்ம பாஸ்டரோடது மாதிரியே இருக்கே!"

வீட்டுக்காரர் கேட்டதும் டீச்சர் சேலையில் குத்தப்போன ஊக்கைக் கீழே போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. ஒன்பதுக்கு ஆராதனை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், மாதிரி என்ன மாதிரி, பாஸ்டர் கையெழுத்தேதான்.

டீச்சர் ஏழாம் வகுப்புக்கு 'நான் பார்த்த நல்ல மனிதர்' என்று கட்டுரை கொடுத்திருந்தார். சனிக்கிழமை அந்தத் தாள்களோடு ஆலயத்துக்குப் போய், பாஸ்டர் மேஜைமேல் வைத்துவிட்டு, பூ ஜாடி கழுவி, பெஞ்சு துடைத்து, பாட்டுப் புத்தகம் அடுக்கினார். அந்த ஆலயத்தில் டீச்சர் தலையில் விழாத வேலை மணியடிப்பது ஒன்றுதான். கிளம்பும்போது மேஜையில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிட்டார். வந்த களைப்பில், கண்ணாடிகூடப் போடாமல் சிவப்புப் பேனாவை எடுத்ததுதான் வினை.

"எவ்வளவு மார்க் போட்டிருக்க?"

"பத்துக்கு நாலு."

"பாஸ்டருக்கா!"

"மெதுவாப் பேசுங்க. கீழ வேற ஏதோ எழுதித் தொலைச்சிருக்கேன்."

அவர் மெதுவாகவா படிப்பார்? "'இப்படி ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது. புளுகாதே. யாரென்று பெயரைக் காணோமே?'"

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு பிஷப் வர்றாருங்க! பாஸ்டர் வந்து ஆறு மாசம்கூட ஆகல. பிஷப் முன்னாடி முதல் பிரசங்கம். இதை வெச்சுக்கிட்டு எப்படிப் பேசுவாரு? அவரு மானம் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க நுழையறது?"

"வெள்ளை மை இருக்குல்ல? தடவி மறைச்சுடலாம்."

வீட்டுக்காரர் குப்பியைக் கவிழ்த்த வேகத்தில் சிவப்போடு பாதிப் பிரசங்கமும் மறைந்தது.

"ஐயோ, சீக்கிரம் காய வைங்க! சுரண்டிப் பாக்கலாம்."

சீக்கிரம் காய இஸ்திரிப் பெட்டியை விட்டால் வேறு என்ன? முதல் தாள் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் தாள் புகைந்தது.

"நல்லாக் காய வெச்சீங்க. கொண்டாங்க இப்படி. தெரியறத வாசிங்க, நான் புதுசா எழுதி வெச்சுடறேன்."

வீட்டுக்காரர் கருகிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "'இந்த ஊழியர் ஒருவரையும் கடிந்துகொண்டதே இல்லை.' ஆச்சா?"

"தேவைக்கு மேலேயே... கடிந்து... கொள்வார். ம், ஆச்சு."

"அடியே, இதுல அப்படி இல்லையே!"

"இல்லாட்டி என்ன? ஊழியம் பண்றவங்க யாரையும் திட்டாம இருந்திருப்பாங்களா? பிஷப் என்ன பச்சைக் குழந்தையா, நம்பறதுக்கு?"

பொய் என்று தெரிந்தபிறகு அதை எழுத டீச்சர் கைக்குப் பழக்கமில்லை, பாவம். 'எப்போதும் புன்னகை' என்பது 'காலை வேளையில் கிட்டே போகாதிருப்பது நலம்' என்று ஆனது. 'கேட்ட உதவியை மறுத்ததில்லை' என்பதோடு 'ஆனால் வாரம் முழுவதும் சொல்லிக்காட்டுவார்' சேர்ந்துகொண்டது.

"பாஸ்டர் இத்தனை நல்லா எழுதுவாரான்னு அவருக்கே சந்தேகம் வரப்போகுது" என்றார் வீட்டுக்காரர்.

ஆலயத்தில் பாஸ்டர் அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருந்தார். டீச்சர் நைசாகத் தாள்களைப் பிரசங்க மேடையில் வைத்துவிட்டு, ஆர்கன் வாசிக்கிற அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நேரம் வந்தது. தாளைக் கண்டதும் பாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் வரியை முழங்கினார். இரண்டாம் வரியில் திக்கினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிஷப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும்போது நிறுத்தவா முடியும்?

"தேவைக்கு... மேலேயே கடிந்துகொள்வார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"காலை வேளையில்... கிட்டே போகாதிருப்பது நலம்."

பாடகர் குழு மொத்தமும் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தது. சொல்லிக்காட்டுகிற வரி வந்தபோது ஆலயமே குலுங்கியது. பிஷப் அங்கியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சருக்கு நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது. பாஸ்டர் மானம் தப்பியது. தப்பியது மட்டுமா, ஜனங்கள் எழுந்து நின்றல்லவா கைதட்டுகிறார்கள்! எல்லாரையும்விடப் பலமாக டீச்சரும் தட்டினார்.

"பாத்தீங்களா? உண்மைய உள்ளபடி சொன்னா ஜனம் எப்படி ரசிக்குது!"

ஆர்கன் அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்களே தட்டிக்கிட்டா எப்படி டீச்சர்? எழுந்து போங்க, உங்க நாப்பது வருஷ ஊழியத்துக்கு வாழ்த்துரை வாசிச்சாச்சு, பிஷப் கேடயத்தோட காத்துக்கிட்டிருக்காரு!"