தனூஸ் காலத்துப் பனி

எதைக் காட்டினாலும் அதைவிடப் பெரிதாக ஒன்றை எப்போதோ பார்த்துவிட்டு வந்திருக்கும் ஓர் இனம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? மழை பெய்தால் இவர்கள் நனைந்த மழைதான் மழை. காய்ச்சல் என்று படுத்தால் இவர்களுக்கு வந்ததுதான் காய்ச்சல். பெய்ரூட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் தனூஸ் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். அவருடைய துறை, பனி.

மலையூரில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது விழுந்த பனியில் தேவாலயக் கோபுரமே மூழ்கிவிடுமாம். மணியடிப்பவர் பனிமேல் நின்று, குனிந்து அடிப்பாராம். யார் பார்த்தது? அவர்தான் பார்த்தார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சன்னீன் மலைக்குப் பனிநடை போனார்கள். தனூஸ், மனைவி யோலா, மகள் ஜுமானா, அப்புறம் ஜுமானாவோடு வேலை பார்க்கும் வஜ்தி என்ற பையன். பையன் எதற்கு வந்திருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். தனூஸுக்கும் தெரியும். அதனால்தான் காரில் அவன், "அங்கிள், உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று தொடங்கியபோதெல்லாம் மணியடிப்பவரைத் துணைக்கு இழுத்துக்கொண்டார்.

அடிவாரத்தில் மற்றவர்கள், கால் புதையாமலிருக்க, பூட்ஸுக்கடியில் அகலமான பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டார்கள். தனூஸ் கட்டவில்லை.

"டென்னிஸ் மட்டையைக் கால்ல கட்டிக்க நான் என்ன கோமாளியா?"

"ராத்திரி பூரா கொட்டியிருக்குங்க," என்றாள் யோலா.

"இது கொட்டினதா? தூவியிருக்கு."

மிதித்துக் கெட்டியான தடத்தில் போகும்வரை சரியாகத்தான் போயிற்று. ஆனால் ஊர் மிதித்த தடத்தில் நடப்பதற்கா அவர் பிறந்தார்? உண்மையான மலைக்காரன் எப்படி நடப்பான் என்று காட்ட ஓரமாக இறங்கினார். முதல் அடியில் முழங்கால். இரண்டாவதில் இடுப்பு. மூன்றாவது அடியைத் தவிர்த்திருக்கலாம். தவிர்த்தால் அவர் தனூஸா? நெஞ்சு.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மா நிக்கிறேன்."

"நெஞ்சு வரைக்கும் இருக்கே."

"நெஞ்சு வரைக்கும்தானே."

உள்ளே கால்விரல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. இதுவும் ஒரு பனிதானோ என்ற சந்தேகம் வாழ்நாளில் முதல்முறையாக அவருக்குள் எட்டிப்பார்த்தது. ஆனால் வாய் அதைச் சொல்லுமா?

வஜ்தி பனிச்செருப்போடு மெல்ல வந்து எதிரில் உட்கார்ந்தான். கை கொடுக்கவில்லை. பையிலிருந்து ரொட்டியை எடுத்து, பாதி பிய்த்து அவருக்கு ஊட்டிவிட்டான்.

"அங்கிள், அந்த விஷயம்..."

தனூஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்து போக வழியில்லை.

"எங்க காலத்துல பொண்ணு கேக்க வர்றவன் பனியில ஏழு ஊர் தாண்டி நடந்து வருவான்."

"சரி அங்கிள். நடந்துட்டு வந்துடறேன்."

எழுந்து நிஜமாகவே நடந்தான். யோலா தடுக்கவில்லை. ஜுமானா பிளாஸ்க்கைத் திறந்து அம்மாவுக்குக் காபி ஊற்றினாள். பையன் சரிவு திரும்பி மறையப்போகிற நேரம்.

"டேய் தம்பி," என்றார் தனூஸ். "ஏழு ஊர் ரொம்ப தூரம். இப்பதான் ரோடு போட்டுட்டாங்களே."

"அப்ப சம்மதமா?" என்று அங்கிருந்தே கேட்டான் வஜ்தி.

"முதல்ல என்னைத் தூக்கு. அப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போ."

மூன்று பேருமாக இழுத்ததில் தனூஸ் வந்துவிட்டார், பூட்ஸ் வரவில்லை. யோலாவின் கம்பளிச் சால்வையைக் காலில் சுற்றிக்கொண்டு, வஜ்தியின் முதுகில் ஏறி, வழியெல்லாம் அவனுக்கு எப்படி நடப்பதென்று சொல்லிக்கொடுத்தபடியே இறங்கினார்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம். விருந்தில் அரக் மதுக்கோப்பையை உயர்த்திய மாமனார், சன்னீனில் தலைக்கு மேல் புதைந்துபோன மாப்பிள்ளையைத் தாம் வெறுங்கையால் தோண்டி எடுத்த கதையைச் சொன்னார். வஜ்தி பணிவாகத் தலையாட்டினான். பெண் கிடைத்தவன் வேறென்ன செய்வான்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பாதி படிக்கும்போதே, 'இவரென்ன பெரிய ஆள், எங்க பெரியப்பா ஒருத்தர் இருக்காரு' என்று உங்கள் உதடு முணுமுணுத்ததே, அதை நான் கேட்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.